விரும்பினால் மட்டும்

சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின மாலையில், தைவான் முழுவதும் குடும்பங்கள் கொதிக்கும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நேரத்தில், யென்டிங் அந்த முன்மொழிவை எங்கள் குழுவின் இணையப் பக்கத்தில் போட்டான். விடுமுறை முடிந்து கடைக்காரர்கள் பட்டாசு வெடித்துக் கதவைத் திறந்த காலையில் அதன் கீழே இன்னொரு வரி சேர்ந்திருந்தது. "மறுப்பு எதுவும் வராததால் ஏற்கப்பட்டது."

எங்கள் குழுவின் வழக்கம் அது. வாக்கெடுப்பு கிடையாது, தலைவர் கிடையாது. ஒருவர் ஒன்றைச் சொல்வார். சில நாள் அது எல்லோர் பார்வையிலும் கிடக்கும். காரணம் காட்டி ஒரே ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும். யாரும் மறுக்காவிட்டால் நடைமுறைக்கு வந்துவிடும். ஒருவரை ஒருவர் நம்புகிறவர்களிடையே மட்டும் செல்லுபடியாகும் வழக்கம். அதை மீறாமலேயே அதைக் கெடுக்க முடியும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

நாங்கள் செய்வது ‘கைநீட்டு’ என்ற கைபேசிச் செயலி. தைபேயில் பேருந்து தானாக நிற்காது. வருவது எந்த எண் என்று பார்த்துக் கை நீட்ட வேண்டும். கண் தெரியாதவர் எதைப் பார்த்து நீட்டுவார்? உங்கள் பேருந்து நெருங்குகிறது, இப்போது கை நீட்டுங்கள் என்று எங்கள் செயலி காதில் சொல்லும். ஒரு பொத்தானை அழுத்தினால், இங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்று ஓட்டுநருக்கும் செய்தி போகும். எல்லாம் இலவசம். அதன் நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். முதல் வரிகளை எழுதியவன் வெங் ஸுங்ஹான். எங்களுக்கெல்லாம் ஆ-ஹான். கல்லூரிக்குப் போகும் முன்பே பார்வையை இழந்தவன். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, நமக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் வேகத்தில் கேட்டுக்கேட்டு எழுதுவான்.

நான் நிரல் எழுதுகிறவள் இல்லை. ஒரு பாடநூல் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கான வழிகாட்டியை எழுதுவது குழுவில் என் பங்கு. அதில் இப்படி ஒரு இடம் உண்டு: ‘மாற்றத்தைப் பதிவதற்கு முன், விரும்பினால், உங்கள் கணினியிலேயே சோதனைகளை ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை. அனுப்புங்கள், எங்கள் சர்வர் சோதித்துச் சொல்லும்.’

சோதனை என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வரிகள் ஒழுங்காக இருக்கின்றனவா, அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறதா, வேண்டாத இடைவெளி எங்கேனும் உண்டா என்று பார்க்கும் சின்னச் சின்ன நிரல்கள். அனுப்பும் முன்பே ஓட்டிவிட்டால் இருவருக்கும் நேரம் மிச்சம். ஆனால் முகம் தெரியாத ஒருவர், தன் ஓய்வு நேரத்தில், ஒரு பிழையைக் கண்டு மனம் வந்து திருத்தி அனுப்புகிறார். அவரிடம் இதை நிறுவு, அதை நிறுவு என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள். போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால்தான் நானும் ஆ-ஹானும் ஒரு மதியம் முழுக்கப் பேசி அந்த ‘விரும்பினால்’ என்ற சொல்லை வைத்தோம்.

யென்டிங் எடுத்தது அந்தச் சொல்லைத்தான். இனி ஒவ்வொருவரும் தம் கணினியில் சோதனையை ஓட்டியே ஆக வேண்டும். தேறினால் மாற்றத்தில் ஒரு முத்திரை விழும். முத்திரை இல்லாமல் வருவதை பாட் என்ற தானியங்கி நிரல் தானே மூடிவிடும். மனிதர் யாரும் பார்க்க வேண்டியதில்லை.

நான் ஊரிலிருந்து திரும்பி அதைப் படித்தேன். பிறகு, பழையபடி விருப்பமாகவே இருக்கட்டும் என்று காரணங்களோடு ஒரு முன்மொழிவு எழுதிப் போட்டேன். யென்டிங் அதை ஒரே வரியில் மறுத்தான். ‘தரம் குறையும்.’ எங்கள் வழக்கப்படி ஒருவர் மறுத்தால் போதும். வாரங்கள் போயின. யாரும் பார்க்காதபோது நுழைந்த விதியை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியேற்ற முடியவில்லை.

அதன்பின் செயலியின் புதிய பதிப்பு வந்தது. ரூயின் என்ற இளம்பெண் முகப்பை அழகாக மாற்றி வரைந்திருந்தாள். அவள் மாற்றம் எல்லாச் சோதனைகளிலும் பச்சை வாங்கியது. வெளியான மறுநாளே குரல் செய்திகள் வரத் தொடங்கின. ஒரு பெண்மணி மழையில் நின்றபடி பேசியிருந்தார். பின்னால் வண்டிகளின் சத்தம். "போன் ‘பொத்தான்’, ‘பொத்தான்’னு மட்டும் சொல்லுதுங்க. எந்தப் பொத்தான்னு சொல்ல மாட்டேங்குது. என் பஸ் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்." கோபம்கூட இல்லாத குரல். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஓட்டுநரை அழைக்கும் பொத்தானுக்குள் பெயர் எழுத ரூயின் மறந்திருந்தாள். கண்ணுக்கு அழகான படம் தெரியும். காதுக்கு ஒன்றும் கிடையாது. ஆ-ஹான் அன்றே திருத்தி அனுப்பினான். மாலையில் என்னை அழைத்தான்.

"பெய் அக்கா, நான் இந்தக் குழுவுக்குப் புதுசாம். தெரியுமா உங்களுக்கு?"

"யார் சொன்னா?"

"பாட் சொல்லுது. படிக்கவா? ‘முதன்முறை பங்களிப்பவரே, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. முத்திரை இல்லாததால் உங்கள் மாற்றம் மூடப்படுகிறது.’ கடைசியில ஒரு பொம்மை போட்டிருக்கு போல. என் கருவி அதையும் விடல. ‘பல் தெரியச் சிரிக்கும் முகம்’னு படிச்சுச்சு."

அவன் மின்னஞ்சல் முகவரியை மாற்றியிருந்தான். அந்தத் தானியங்கிக்கு அவன் அந்நியன்.

"சோதனையை ஓட்டிப் பார்த்தியா?"

"ஓட்டாம இருப்பேனா? ஓட்டினா, ‘புள்ளி, புள்ளி, புள்ளி’ன்னு சொல்லிட்டு நின்னுடுது. முத்திரை விழல."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. யென்டிங்கின் புதிய கருவி ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வண்ணப் புள்ளி வைக்கும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. சொல் எதுவும் கிடையாது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆ-ஹானின் காதுக்கு எல்லாம் புள்ளி.

"அதுல ஏதோ ஒண்ணு சிவப்பா இருக்கணும். எதுன்னு தெரிஞ்சுக்க பக்கத்து வீட்டு அம்மாவைத்தான் கூப்பிடணும். காய் நறுக்கிட்டிருக்கறவங்களை இழுத்துட்டு வந்து, ‘அம்மா, என் புரோகிராம்ல எது சிவப்பு’ன்னு கேட்கறதா?"

கோபம் வரும்போது எனக்குச் சொற்கள் பின்வாங்கிவிடும்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"உங்ககிட்ட போன் பேசறது நம்ம செயலி இல்லாம ஸ்டாப்புல நிக்கிற மாதிரிக்கா. வருதா வரலையான்னே தெரியாது."

"ஆ-ஹான், அதை எனக்கு அனுப்பு. என் கணினியில ஓட்டிப் பதிஞ்சிடறேன். உன் பேரையே போடறேன்."

அவன் வீட்டுச் சமையலறைக் காற்றாடி சுற்றுவது கேட்டது.

"வேண்டாம்க்கா. நீங்க கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவீங்க. நல்ல மனசு. எனக்கு உங்களைத் தெரியும். காவ்ஷியுங்ல ஒரு பொண்ணு, பார்வை இல்லாதவ, ‘நானும் கோட் எழுதி அனுப்பலாமா அண்ணா’ன்னு கேட்டா. தாராளமா அனுப்பும்மான்னு சொன்னேன். அவளுக்கு இங்க யாரைத் தெரியும்? அவளுக்கும் இந்தச் சிரிக்கிற மூஞ்சிதான் வரும். அவ்வளவுதான், போயிடுவா."

"ஜனங்க மழையில நிக்கிறாங்களே."

"அதான் என்னையும் குடையுது. சனிக்கிழமை கூட்டத்துக்கு வரேன். யென்டிங்கே மறுப்பை எடுத்தா சரி. இல்லேன்னா, நீங்களே பதிஞ்சிடுங்க, வீம்பு புடிக்க மாட்டேன். ஆனா அதோட நான் இந்தக் குழுவுல இல்ல."

சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவன் தொடங்கிய செயலி. அவனுக்காகவும் அவனைப் போன்றவர்களுக்காகவும் இருக்கிற செயலி. அதன் வாசலில் அவனை நிறுத்திப் பல் தெரியச் சிரிக்கிறது ஒரு பாட். மெய்ப்புப் பார்க்க வந்திருந்த ஐந்தாம் வகுப்பு அறிவியலில் ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைக் கூட்டம் காய்கறிச் சந்தைக்கு மேல்மாடியில், குடியிருப்போர் சங்கம் இரவல் தரும் கூடத்தில். தூறல். எல்லோர் குடையும் வாசலில் வாளிக்குள் நின்றன. ரூயின் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பங்கிட்டாள்.

"பன்றிக்கறி யாருக்கு, கோழிக்கால் யாருக்கு? ஆ-ஹான் அண்ணே, உங்களுக்கு முட்டை கூட ஒண்ணு வச்சிருக்கேன். லஞ்சம்."

"என்ன தப்பு பண்ணினே?"

"பொத்தானுக்குப் பேர் வைக்காம விட்டது நான்தான்."

"பிள்ளையைப் பெத்துட்டுப் பேர் வைக்க மறந்துட்டியாக்கும்."

"சோதனை எல்லாம் பச்சையா வந்துச்சு அண்ணே. அதான் சரியா இருக்கும்னு விட்டுட்டேன்."

யென்டிங் எதிரில் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான உடம்பு, அலுவலக அடையாள அட்டையின் கயிறு சட்டைப் பையிலிருந்து தொங்கியது. யாரிடமும் குரல் உயர்த்தாதவன். அவன் சாப்பாட்டுக் குச்சிகளைப் பெட்டியின் மேல் வைத்தான்.

"அது என்னைக் குத்தறதுக்கா?"

"உன்னை இல்ல, அவ தன்னையேதான் குத்திக்கிட்டா," என்றான் ஆ-ஹான். "நான்தான் உன்னைக் குத்த வந்திருக்கேன். சாப்பிட்டு முடி."

"ஹான் அண்ணே, அந்தப் புள்ளி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பெய் அக்கா சொன்னப்பதான் தெரிஞ்சுது. இப்பவே உங்களுக்கு மட்டும் விலக்கு போட்டுடறேன். உங்க புது முகவரியை பாட்ல சேர்த்தா போதும். ஒரு நிமிஷ வேலை."

"எனக்கு மட்டுமா?"

"ஆமா."

"பஸ்ல இருக்கற நீல சீட்டு மாதிரி."

யென்டிங் புரியாமல் பார்த்தான்.

"நான் ஏறின உடனே யாராவது எந்திரிச்சு, முடியாதவங்களுக்குன்னு ஒதுக்கின அந்த நீல சீட்டுல உட்கார வைப்பாங்க. கால் நல்லாத்தானே இருக்குன்னு சொன்னாலும் விடமாட்டாங்க. எனக்கு உட்கார இடம் வேண்டாம் டிங். கதவு திறந்திருந்தா போதும். எல்லாருக்கும்."

"எல்லாருக்கும் திறந்தா யாருண்ணே கூட்டறது?" யென்டிங்கின் குரல் முதல் தடவையாக ஏறியது. "ஒருத்தன் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தறேன்னு முந்நூறு வரியைக் கலைச்சு அனுப்பறான். சர்வர் சிவப்பு காட்டுது. அவன் ஆளே காணோம். யார் அதைச் சரிபண்றது? ஆபீஸ்லேர்ந்து வந்து நான் பண்றேன். புத்தாண்டுக்கு நீங்க எல்லாரும் வீட்டுல சாப்பிட்டுட்டிருந்தீங்க. நான் உங்க குப்பையைக் கூட்டிட்டிருந்தேன்."

கீழே சந்தையில் ஒருவர் முட்டைக்கோஸ் விலையைக் கூவிக்கொண்டிருந்தார். புத்தாண்டுக்கு அவன் எங்கே போவான் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவனுக்குப் போக ஒரு வீடு இல்லையோ, இருந்தும் போகவில்லையோ. காலியான நகரத்தில், ஒரு அறையில், எங்கள் அடைப்புக்குறிகளைச் சரிசெய்துகொண்டு ஒருவன். இரக்கம் வந்தது. ஆனால் அந்த இரக்கம் வந்த வேகத்திலேயே, மழையில் நின்ற அந்தப் பெண்மணியின் குரலும் வந்தது. களைத்தவன் உதவி கேட்கலாம். கதவைச் சாத்திப் பூட்டுவதற்குக் களைப்பு எப்படிக் காரணமாகும்?

"யாரும் பார்க்காத நேரமாப் பார்த்துப் போட்டியே," என்றேன்.

"எனக்கு லீவு இருந்தது அப்பதான்க்கா. சத்தியமா வேற எதுவும் இல்ல."

"நம்பறேன். ஆனா நான் திருப்பிக் கேட்டப்ப ரெண்டே சொல்லுல அடிச்சுப் போட்டியே, அது எந்த லீவுல?"

"காரணம் எழுதினேனே."

"‘தரம் குறையும்’னு எழுதினே."

என் கைபேசியை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். பேசும் கருவியை இயக்கி, செயலியைத் திறந்து, விரலைப் புதிய முகப்பின் மேல் வைத்தேன். "பொத்தான்" என்றது. இன்னொரு இடத்தில் வைத்தேன். "பொத்தான்." நான் விரலை எடுக்கவில்லை. கூடத்தில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப ஒலித்தது. ரூயின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதுக்கு முத்திரை இருக்கு," என்றேன். "எல்லாம் பச்சை. இதைச் சரிபண்ணினதுக்கு முத்திரை இல்ல. அது மூடிக் கிடக்கு. தரம்னு எதைச் சொன்னே யென்டிங்?"

அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அதை நிறுத்துங்கக்கா," என்றான் மெதுவாக. நான் நிறுத்தினேன்.

"அப்ப சோதனையே வேண்டாங்கிறீங்களா?"

"யார் சொன்னா?" என்றான் ஆ-ஹான். "சோதனை எனக்குப் புடிக்கும். அதுல பாதி நான் எழுதினது. சர்வர்ல வை. எவ்வளவு கடுமையா வேணா வை. தப்புன்னா தப்புன்னு எழுத்துல சொல்லு, எந்த வரின்னு சொல்லு. மூஞ்சியைத் தூக்கிக்காம திருத்தறேன். என் கம்ப்யூட்டர் என் வீடு. அங்க வந்து நான் செருப்பை எங்க கழட்டணும்னு நீ சொல்லாதே."

"அனுப்பிட்டுக் காணாமப் போறவங்களை என்ன பண்றது? அதுக்குப் பதில் சொல்லுங்க."

அது நியாயமான கேள்வி. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானாகத்தான் பதில் சொன்னேன். "அவங்களை என்கிட்ட விடு."

"உங்களுக்கு கோட் தெரியாதேக்கா."

"ஆளுங்களுக்கு எழுதத் தெரியும். சர்வர் சிவப்பு காட்டினா, என்ன ஆச்சு, என்ன செய்யணும்னு ஒவ்வொருத்தருக்கும் நானே எழுதறேன். பாட் எழுத வேண்டாம். அடைப்புக்குறியும் இடைவெளியும் நான் தினம் சோறு தின்கிற வேலைதான்."

"முகப்பு சம்பந்தமா வர்றதை நான் பார்க்கறேன்," என்றாள் ரூயின். "பேர் இல்லாத பொத்தானைப் புடிக்க ஒரு சோதனையும் எழுதறேன். ஹான் அண்ணே, சொல்லித் தருவீங்களா?"

"இன்னொரு முட்டை ஆகும்."

யென்டிங் சிரிக்கவில்லை. ஆ-ஹான் பெட்டியில் மிச்சமிருந்த சோற்றைக் குச்சியால் தடவித் தேடி ஒதுக்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெட்டி காலியானதும் அவன் எழுந்து, கைத்தடியை விரித்து, மாடிப்படிக்குப் போய்விடுவான் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பி வரமாட்டான்.

யென்டிங் தன் கணினியைத் திறந்தான். தட்டச்சு செய்யும் சத்தம் கொஞ்ச நேரம். பிறகு திரையை என் பக்கம் திருப்பினான். என் பழைய முன்மொழிவின் கீழே எழுதியிருந்தது: ‘என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்.’

"என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டான் ஆ-ஹான்.

படித்துக் காட்டினேன். காத்திருக்க வேண்டிய நாட்கள் எப்போதோ முடிந்திருந்தன. அந்த ஒரு மறுப்புதான் தடையாக நின்றிருந்தது. யென்டிங் அந்த பாட் நிரலை நிறுத்தினான். நான் வழிகாட்டியைத் திறந்து அந்தச் சொல்லை இருந்த இடத்தில் மறுபடி எழுதினேன்.

ஆ-ஹான் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு தன் திருத்தத்தை அனுப்பினான். யாரும் அவனுக்கு உதவவில்லை. சர்வர் ஓடியது. அவன் கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினான்.

"கடைசி வரியில இடைவெளி ஒண்ணு அதிகமாம். அன்னைக்கும் இதுதான் சிவப்பு போல. ஒரே ஒரு இடைவெளி."

திருத்தி மறுபடி அனுப்பினான். தேறியது. ரூயின் சரிபார்த்து ஏற்றுக்கொண்டாள். மழையில் நின்றவர்களை இத்தனை நாள் நிற்க வைத்தது, கண்ணுக்கும் தெரியாத காதுக்கும் கேட்காத ஒரு வெற்றிடம். அதைச் சொல்ல அந்தக் கருவிக்கு ஒரு சொல்கூட இல்லாமல் போயிற்று.

யென்டிங் பையை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாகத் தலையசைத்துவிட்டு, வாளியிலிருந்து தன் குடையை உருவிக்கொண்டு இறங்கினான்.

"போயிட்டானா?" என்றான் ஆ-ஹான்.

"போயிட்டான்."

"தலையாவது ஆட்டினானா?"

"ஆட்டினான்."

"எனக்கு யாராவது தலையாட்டினா கூடவே ஒரு வார்த்தையும் சொல்லணும்னு இன்னும் அவனுக்குத் தெரியல," என்றான். சிரித்தபடிதான் சொன்னான். அவனால் சிரிக்க முடிந்ததே என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

திங்கட்கிழமை புதிய பதிப்புக்கான அறிவிப்பை யென்டிங் எழுதி, மெய்ப்புப் பார்க்க எனக்கு அனுப்பினான். ‘சில சிறு திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன.’ அவ்வளவுதான். நான் அதை அழித்தேன். ‘ஓட்டுநரை அழைக்கும் பொத்தான் சென்ற பதிப்பில் பேசவில்லை. அது எங்கள் தவறு. அதைத் திருத்தி அனுப்பியவரை நாங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். அதுவும் எங்கள் தவறு. திருத்தியவர் வெங் ஸுங்ஹான்.’ வழக்கப்படி அதையும் சில நாள் எல்லோர் பார்வைக்கும் வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. அப்படியே வெளியிட்டேன்.